பகல் 12.15க்கு ஒரு பாட்டு

நூறு வாட் என்றால் எவ்வளவு? அந்தக் காலத்தில் திண்ணையில் ஒரு குண்டு பல்பு எரியுமே, அவ்வளவுதான். நம் நாட்டில் ஒரு சமுதாய வானொலிக்கு அரசாங்கம் வழக்கமாக அனுமதிக்கிற ஒலிபரப்புச் சக்தியும் அதே நூறு வாட்தான். சமவெளியாக இருந்தால் ஐந்து முதல் பத்து கிலோமீட்டர் வரை கேட்கும். தர்மபுரி மாதிரி இடத்தில் குறுக்கே ஒரு மலை வந்து நின்றுவிட்டால் அதுவும் போச்சு.

இந்த நூறு வாட்டை வைத்துக்கொண்டு தர்மபுரிப் பக்கம் யாராவது ஜாஸும் ப்ளூஸும் போட்டால் எப்படி இருக்கும்? கேட்டதும் சிரிப்பு வரும். குச்சிக்கிழங்குக் காட்டில் களை வெட்டுகிற அம்மாவுக்கு லூயி ஆம்ஸ்ட்ராங் எதற்கு சார்? பெங்களூரிலிருந்து வார இறுதிக்கு வந்து போகிறவர்களின் பொழுதுபோக்கு என்று சொல்லி விட்டுவிடலாம். ஆனால் ப்ளூஸ் ஒரு காலத்தில் எந்த மாதிரி ரேடியோவில் ஒலித்தது என்று தெரிந்துகொண்டால் சிரிப்பு கொஞ்சம் அடங்கும்.

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஹெலனா என்று ஒரு சின்ன ஊர். சுற்றிலும் பருத்திக் காடு. 1941 நவம்பரில் அங்கே கே.எஃப்.எஃப்.ஏ. என்ற வானொலி ஆரம்பமானது. சக்தி 250 வாட். அந்தப் பக்கங்களில் கறுப்பர்களின் குரல் ரேடியோவில் வருவதே அபூர்வமாக இருந்த காலம். மவுத் ஆர்கன் வாசிக்கும் சன்னி பாய் வில்லியம்சனும், கிடார் வாசிக்கும் ராபர்ட் லாக்வுட்டும் அங்கே பாடக் கிளம்பினார்கள். செலவுக்கு ஒரு மளிகை மொத்த வியாபாரி கிடைத்தார். அவர் விற்ற மாவின் பெயர் கிங் பிஸ்கட். நிகழ்ச்சிக்கும் அதே பெயர், ‘கிங் பிஸ்கட் டைம்’.

பகல் பன்னிரண்டே காலுக்கு ஆரம்பம். கால் மணி நேரம். ரெக்கார்டு எல்லாம் கிடையாது, ஸ்டுடியோவில் உட்கார்ந்து நேரடியாகவே பாட்டு. நடுவில் மாவு விளம்பரம். இன்றைக்கு ராத்திரி எந்த ஊரில் கச்சேரி என்று ஓர் அறிவிப்பு. அவ்வளவுதான் நிகழ்ச்சி. பருத்திக் காட்டில் வேலை செய்கிறவர்கள் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து வைத்தார்கள். அப்படி மதியச் சாப்பாட்டு வேளையில் கேட்டவர்களில் ஒருவர் பி.பி.கிங். பின்னாளில் மெம்பிஸ் நகரின் டபிள்யூ.டி.ஐ.ஏ. வானொலியில் அவரே அறிவிப்பாளர் ஆனார். அதற்குப் பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும்.

மளிகைக்காரர் ஒன்றும் கலை வளர்க்க வந்த வள்ளல் இல்லை. மாவு விற்கணும். யார் மாவு வாங்குகிறார்களோ அவர்களுக்குப் பிடித்த பாட்டைப் போட வேண்டும் என்ற கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது. என்னைப் போல பி.காம். படித்தவனுக்கு இது சுலபமாகப் புரிகிறது. ‘மக்களுக்கு நல்ல இசையைக் கற்றுக்கொடுப்போம்’ என்று கிளம்புகிறவர்களுக்குத்தான் புரிய மாட்டேன் என்கிறது.

இனி நம் கதை. வானலைகள் பொதுச் சொத்து என்று 1995ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2004ல் அண்ணா பல்கலைக்கழகத்தில் முதல் வளாக வானொலி வந்தது. 2006ல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தார்கள். 2008ல் அன்றைய ஆந்திராவின் மேடக் மாவட்டத்தில் தலித் பெண்களே நடத்தும் சங்கம் ரேடியோ தொடங்கியது. 2016ல் பாம்பனில் மீனவர்களுக்காகக் ‘கடல் ஓசை’ வந்தது. அனுமதி கிடைப்பதற்கு முன்பே, தர்மபுரிக்கு அதிக தூரமில்லாத கோலார் மாவட்டத்து பூதிக்கோட்டையில், 2003ல் ‘நம்ம த்வனி’ என்று கேபிள் வழியாகவே வீடுகளுக்குக் குரலை அனுப்பினார்கள். ஆக, வழியும் இருக்கிறது, முன்னுதாரணமும் இருக்கிறது.

ஆனால் சின்ன ஸ்டேஷன் ஆரம்பிக்கிற பலருக்கும் ஓர் ஆசை, பெரிய ஸ்டேஷன் மாதிரி பேசணும். மைக் கையில் வந்ததும் ஊர்ப் பேச்சு ஓடிப்போய் சென்னைக் குரல் வந்துவிடுகிறது. அதே துள்ளல், அதே சினிமாப் பாட்டு. சினிமாப் பாட்டு கேவலம் என்று சொல்லவில்லை. அதைப் போட ஊருக்குப் பத்து பேர் இருக்கிறார்கள், உங்கள் நூறு வாட் எதற்கு என்பதுதான் கேள்வி. ஜாஸ் தட்டுகளை அடுக்கி வைத்துப் போடுகிறவருக்கும் இதே கேள்விதான். இரண்டு பேருமே வெளியிலிருந்து வருகிற சரக்கை இறக்கி விற்கிறார்கள்.

தர்மபுரியில் உள்ளூர்ச் சரக்குக்கா பஞ்சம்? கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து. விடிய விடியப் பாடுகிற தொண்டை. கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு ஊர் நியாயம் பேசுகிற கட்டியங்காரன். அவன் அந்த நிமிஷத்தில் இட்டுக்கட்டிப் பேசுவதை ஜாஸ்காரன் கேட்டால் தன் சொந்தக்காரன் என்பான். பம்பை இருக்கிறது. நடவுப் பாட்டு, ஒப்பாரி பாடுகிற கிழவிகள் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். கேட்க ஆளில்லாத பாட்டு பாடுகிறவரோடு போய்விடும். அப்புறம் ஆராய்ச்சிக்காரர் டேப் ரெக்கார்டரோடு வந்து பிரயோஜனமில்லை.

காசு? அதையும் பார்த்துவிடுவோம். மணிக்கு ஏழு நிமிஷமாக இருந்த விளம்பர அனுமதியை 2024ல் பன்னிரண்டு நிமிஷமாக உயர்த்தினார்கள். பத்து வினாடிக்கு அரசு விளம்பரக் கட்டணம் 74 ரூபாய். பன்னிரண்டு நிமிஷமும் அந்த ரேட்டில் விற்றால் மணிக்கு 5,328 ரூபாய். முழுசும் விற்காது. கால்வாசி விற்றாலும் ஒரு கூத்துக் கலைஞருக்குப் பஸ் காசும் சம்பளமும் கொடுக்கலாம். உரக்கடை, மாங்கூழ் ஆலை, மளிகைக்கடை என்று தர்மபுரியிலும் விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஜாஸ், ப்ளூஸ் வேண்டாம் என்பது என் வாதமல்ல. தாராளமாகப் போடுங்கள். முதலில் பகல் பன்னிரண்டே காலுக்கு, களி உருண்டையோடு மரத்தடியில் உட்காருகிறவருக்கு, அவர் பக்கத்து ஊர்க்காரரை நேரடியாகப் பாட வையுங்கள். இன்றைக்கு ராத்திரி எங்கே கூத்து என்று சொல்லுங்கள். அது முடிந்த கையோடு, விளக்கவுரை எதுவும் இல்லாமல், சன்னி பாயின் மவுத் ஆர்கனை மூன்று நிமிஷம் விடுங்கள். ‘இவன் யாருக்காக இப்படி அழறான்?’ என்று அந்த அம்மா கேட்டால் மறுநாள் பதில் சொல்லலாம்.