சங்கிலி, பீங்கான், பீன்ஸ் விதை

1951இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் இதழில் ஐந்து பக்கக் கட்டுரை ஒன்று வெளிவந்தது. எழுதியவர் ஸ்வீடன்காரர் வலோடி வைபுல். தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘பரந்த அளவில் பொருந்தக்கூடிய ஒரு புள்ளியியல் பரவல் சார்பு’ என்று வரும். இதுக்கெல்லாம் இலக்கிய இதழில் விமர்சனமா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கோட்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கண்ணில் படும் பிரதி எல்லாவற்றிலும் போட்டுப் பார்க்கும் பழக்கம் நமக்கும் உண்டுதானே. அந்தப் பழக்கத்தின் பலமும் பலவீனமும் இவ்வளவு வெளிப்படையாகத் தெரியும் வேறொரு பிரதியை நான் படித்ததில்லை.

கட்டுரையின் கரு ஒரு சங்கிலி. அதில் 100 கண்ணிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். குறிப்பிட்ட ஒரு எடையை ஒவ்வொரு கண்ணியும் தாங்குவதற்கான வாய்ப்பு 100க்கு 99. அப்படியென்றால் முழுச் சங்கிலியும் தாங்குவதற்கான வாய்ப்பு? 99 இல்லை, ஏறக்குறைய 37தான். ஒரு கண்ணி விட்டால் போதும், சங்கிலி போச்சு. இந்தச் சின்ன யோசனையிலிருந்து மூன்று அளவுருக்கள் கொண்ட ஒரு சூத்திரத்தை எடுக்கிறார் வைபுல். பிறகு அதை ஏழு தரவுகளின் மேல் வைத்துப் பார்க்கிறார். போஃபர்ஸ் எஃகின் வலு (ஆமாம், அதே போஃபர்ஸ்தான்), சாம்பல் துகள்களின் அளவு, இந்தியப் பருத்தி இழையின் வலு, கடல் நுண்ணுயிர் வகை ஒன்றின் நீளம், திரும்பத் திரும்பச் சுமை ஏற்றினால் ஒரு எஃகு எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்பது, பிரிட்டிஷ் தீவுகளில் பிறந்த ஆண்களின் உயரம், பீன்ஸ் விதையின் அகலம். ஏழுக்கும் ஒரே சூத்திரம்.

முதல் தடவை படித்தபோது எனக்குப் புல்லரித்தது. இரண்டாம் தடவை சந்தேகம் வந்தது.

இந்தச் சூத்திரம் 1951இல் முளைத்ததல்ல. நொறுங்கும் பொருட்களின் வலுவைப் பற்றி 1939இலேயே வைபுல் எழுதிவிட்டார். சூத்திரத்துக்குச் சொந்த ஊர் என்று ஒன்று இருந்தால் அது கண்ணாடியும் பீங்கானும்தான். அதனால் விருத்தாசலத்தில் வைத்து இந்தக் கட்டுரையைப் படிப்பதே நியாயம் என்று எனக்குப் படுகிறது. (புதுமைப்பித்தனின் இயற்பெயர் என்பதைத் தாண்டி இந்த ஊர்ப் பெயருக்கு இலக்கியத்தில் வேலையில்லை என்று நினைப்பவர்கள் இமையத்தையும் கண்மணி குணசேகரனையும் படித்துவிட்டு வரலாம்.) இங்கே செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது, பீங்கான் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்கும் அரசுக் கல்லூரி இருக்கிறது. பொம்மையும் பியூஸ் கேரியரும் சூளையிலிருந்து வருகின்றன. பக்கத்திலேயே நெய்வேலி.

எஃகு உடைவதற்கு முன் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். பீங்கான் கொடுக்காது. மண்ணுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு காற்றுக்குமிழ், சரியாக அரைபடாத ஒரு மணல் பரு, காயும்போது விழுந்த மயிரிழை விரிசல், இவைதான் இங்கே பலவீனமான கண்ணிகள். மீதி உடம்பு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் உடைப்பு அங்கிருந்துதான் கிளம்பும். கண்ணாடியை வைத்து கிரிஃபித் 1921இல் காட்டியது இதைத்தான். பானை வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோமே, கணீர் என்று கேட்டால் வாங்குகிறோம், மொத்தையாகக் கேட்டால் வைத்துவிடுகிறோம். அது பெரிய விரிசலைக் காட்டிக்கொடுக்கும். சின்னது தட்டினால் பேசாது. அதை அறிய உடைத்துத்தான் பார்க்க வேண்டும்.

சங்கிலி யோசனை உண்மை என்றால் அது ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். பெரிய பொருளில் கண்ணிகள் அதிகம், ஆகவே மோசமான கண்ணி ஒன்று சிக்குவதற்கான வாய்ப்பும் அதிகம். ஒரே மண், ஒரே சூடு. நீளம், அகலம், தடிமன் மூன்றையும் இரண்டு மடங்காக்கி ஒரு பெரிய கட்டை செய்கிறோம். கன அளவு 8 மடங்காகிறது. தரவு எவ்வளவு சிதறுகிறது என்று சொல்லும் வடிவ எண் 5 என்று வைத்துக்கொண்டால், பெரிய கட்டையின் வலு (ஒரு சதுர மில்லிமீட்டர் தாங்கும் விசை என்று கொள்க) சின்னதில் 66 சதவீதமாக இறங்க வேண்டும். குறைகள் உள்ளே இல்லாமல் மேற்பரப்பில் மட்டும் இருந்தால்? பரப்பு 4 மடங்குதான், வலு 76 சதவீதத்தில் நிற்கும். 66ஆ 76ஆ என்று பார்த்தால் விரிசல் எங்கே குடியிருக்கிறது என்பதே தெரிந்துவிடும். இரண்டும் இல்லாமல் 95 என்று வந்தால் மாதிரி தோற்றது. தோற்பதற்கு அதற்கு வழி இருக்கிறது. அதை நான் மதிப்பது அதனால்தான்.

இப்போது ஆண்களின் உயரத்துக்கு வருவோம். ஒரு ஆளின் உயரத்தில் எது கண்ணி? எது அறுந்தால் என்ன ஆகும்? பீன்ஸ் விதையின் அகலத்தில்? கேள்விக்கே அர்த்தம் இல்லை. அங்கே வைபுல் காட்டுவது வளைவு தரவோடு ஒட்டிப்போகிறது என்பதை மட்டும்தான். மூன்று திருகாணிகள் உள்ள வளைவு, திருகினால் ஒட்டத்தான் செய்யும். பருத்தி கதை வேறு. இழை நீண்டால் வலு குறையும் என்பதை பியர்ஸ் 1926இலேயே பருத்தி நூலை வைத்துப் பேசிவிட்டார். அது நிஜமாகவே சங்கிலி. சாம்பல் துகள்தான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. பொடித்த நிலக்கரியின் அளவுப் பரவலுக்கு ரோசினும் ரம்லரும் 1933இலேயே இதே சூத்திரத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள், சங்கிலியின் துணையே இல்லாமல். ஒரே வளைவுக்கு இரண்டு பாதைகள் இருக்கின்றன. வளைவு பொருந்துவதை வைத்து எந்தப் பாதையில் வந்தோம் என்று சொல்ல முடியாது. ஏழு உதாரணங்களையும் ஒரே வரிசையில் நிற்கவைத்தபோது இந்த வித்தியாசத்தை வைபுல் அழித்துவிட்டார்.

அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. பொருட்களின் வலுவுக்குக் கோட்பாட்டு அடிப்படை கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதே வீண், எளிமையான ஒரு சார்பை எடுத்துச் சோதித்துப் பார்த்து, அதைவிட நல்லது வரும்வரை வைத்துக்கொள்வதுதான் நடைமுறை என்று கட்டுரையிலேயே ஒப்புக்கொள்கிறார். எனக்கு இங்கேதான் கோபம் வருகிறது. பீங்கானில் அவர் கையில் ஒரு காரணமே இருந்தது. அதை பீன்ஸ் விதையின் தரத்துக்கு இறக்கி, எல்லாம் வெறும் பொருத்தம்தான் என்று அடக்கமாகச் சொல்லிவிட்டார். அந்த அடக்கம்தான் தலைப்பின் அகலத்துக்கு இடம் கொடுத்தது.

வெறும் பொருத்தமும் உதவும், மறுக்கவில்லை. காற்றாலை அமைக்கும் முன் காற்றின் வேகத்தை இன்று இதே பரவலில்தான் பொருத்துகிறார்கள். காற்றை யாரும் சங்கிலி என்று சொல்வதில்லை. அளந்த இடத்துக்குள் கணக்குப் போடப் பயன்படுகிறது, அவ்வளவு போதும். பீங்கானில் நிலைமை வேறு. சின்னத் துண்டை உடைத்துப் பார்த்துவிட்டு, உடைத்தே பார்க்காத பெரிய இன்சுலேட்டருக்கு வாக்குக் கொடுக்கிறோம். அதற்கு வளைவு போதாது, கண்ணி வேண்டும்.

தமிழவனின் ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ 1982இல் வந்தது. அதற்குப் பிறகு நாம் இறக்குமதி செய்த கோட்பாடுகளில் எத்தனை பீங்கான் வகை, எத்தனை பீன்ஸ் வகை? ஒரு நாவலை எடுத்து எதிரிணைகளைப் பட்டியலிட்டு ‘பொருந்துகிறது பார்’ என்று முடியும் கட்டுரைகளை நிறையப் படித்திருக்கிறேன். எந்த நாவலில் அது பொருந்தாமல் போகும் என்று ஒருவரும் சொல்வதில்லை. திணைக் கோட்பாடு இந்த விஷயத்தில் கறாரானது. இந்த நிலத்துக்கு இந்த ஒழுக்கம் என்று முதலில் சொல்லிவிடுகிறது. கவிதை மீறும்போது மீறல் கண்ணுக்குத் தெரிகிறது, அதற்கு மயக்கம் என்று பெயர் வைக்கவும் முடிகிறது.

விருத்தாசலத்து மண்ணில் நூறு சின்னக் கட்டை, நூறு பெரிய கட்டை, ஒரே சூளையில் சுட்டு உடைத்து யாராவது எழுதினால் வாசிக்க ஆசை. முப்பது முப்பது பத்தாது, 66க்கும் 76க்கும் நடுவில் மங்கலாகிவிடும். ஆள் உயரத்துக்கும் இதுபோல ஒரு சோதனை உண்டு என்று எவராவது காட்டினால், அதையும் படிக்கத் தயார்.