தபால் வாங்கும் நாகரிகம்
மின்னஞ்சல் செயலியும் அஞ்சல் சர்வரும் தமக்குள் நடத்தும் சம்பாஷணை திரைக்குப் பின்னே நிகழ்வதால் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் பாப் 3 என்ற பழைய சம்பிரதாயப்படி அவை பேசிக்கொள்வதை வரிவரியாகப் படித்துப் பார்ப்பவருக்கு, அதிலுள்ள நிதானமும் மரியாதையும் அலாதியான ஆனந்தத்தைத் தரும். சர்வர் முதலில் '+ஓகே' என்று முகமன் கூறும். பெயரும் கடவுச்சொல்லும் ஒப்புக்கொள்ளப்பட்டபின், எத்தனை கடிதங்கள், எவ்வளவு கனம் என்று செயலி விசாரித்து, ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கும். கடிதம் முடிந்ததற்கு அடையாளம், தனி வரியில் நிற்கும் ஒற்றைப் புள்ளி. கடிதத்தினுள்ளேயே ஒரு வரி புள்ளியில் தொடங்கிவிட்டால், குழப்பம் நேராதிருக்கும்பொருட்டு சர்வர் அதன் முன் இன்னொரு புள்ளியைச் சேர்த்து அனுப்ப, செயலி அதை ஓசைப்படாமல் நீக்கிவிடும். எழுதியவருக்கும் படிப்பவருக்கும் இந்த உபகாரம் தெரியவே வராது.

எல்லாவற்றிலும் நான் மெச்சுவது, அழிக்கும் விஷயத்தில் சர்வர் காட்டும் பொறுமையைத்தான். 'இதை அழித்துவிடு' என்று செயலி சொன்ன மாத்திரத்தில் சர்வர் அழித்துவிடுவதில்லை. குறித்து மட்டும் வைத்துக்கொண்டு, முறைப்படி விடைபெறும் வார்த்தை வந்த பிறகே காரியத்தில் இறங்குகிறது. அதற்குள் இணைப்பு அறுந்துபோனால், கடிதங்கள் அத்தனையும் இருந்த இடத்திலேயே பத்திரமாக இருக்கும்.