வஞ்சினமும் பிரசாரமும்

புறத்திணை இலக்கியம் பயில்வோர் வஞ்சினக் காஞ்சி என்னும் துறையை நன்கறிவர். புறநானூற்றில் 71, 72, 73 ஆகிய மூன்று பாடல்களும் அத்துறையைச் சார்ந்தவை. ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன், தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன், சோழன் நலங்கிள்ளி ஆகிய மூவரின் சூளுரைகள் அவை. பகைவரை வெல்வேன் என்று கூறுவது எவர்க்கும் எளிது. இம்மூவரும் அவ்வளவில் நின்றாரல்லர். சொன்னதைச் செய்து முடிக்கத் தவறினால் தமக்கு வந்து சேரவேண்டிய கேட்டையும் தம் வாயாலேயே கூறினர். அன்புடைய மனைவியைப் பிரிய நேர்க என்றான் ஒருவன். புலவர் என் நாட்டைப் பாடாது நீங்குக என்றான் மற்றொருவன். சொல்லுக்கு ஈடாகச் சொல்பவன் தன்னையே வைப்பதுதான் வஞ்சினத்தின் உயிர்நிலை.

இக்காலப் போர்களில் வஞ்சினத்தின் இடத்தைப் பிரசாரம் பிடித்துக்கொண்டது. நாளேடு, வானொலி, துண்டறிக்கை, திரைப்படம் ஆகிய நான்கும் அதன் படைக்கலங்கள். மக்களின் ஊக்கத்தை எழுப்புவது, எழுந்த ஊக்கம் தளராமற் காப்பது, பகைவர் ஊக்கத்தைக் குலைப்பது ஆகிய மூன்றும் அதன் தொழில்கள். இத்தொழில் வல்லார் கையில் மக்கள் வெறும் களிமண் என்று கருதுவோர் பலர். அக்கருத்து எத்துணை உண்மையுடையது என்பதை ஆராய்வதற்கு மலாயாத் தமிழரின் வரலாற்றைப் போல் தெளிவான களம் கிடைப்பது அரிது. 1941 முதல் 1945 வரையிலான குறுகிய காலத்தில், ஒரே தோட்டத்து லயத்தில் வாழ்ந்த ஒரே தொழிலாளி, ஒன்றற்கொன்று மாறான மூன்று குரல்களைக் கேட்டான். முதலாவது ஆங்கிலேயர் குரல். இரண்டாவது ஜப்பானியர் குரல். மூன்றாவது சுபாஸ் சந்திர போஸின் குரல்.

முதற்குரலை மதிப்பிடுமுன், அதைக் கேட்டவன் எந்நிலையில் இருந்தான் என்பதைக் காணல் வேண்டும். 1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் தலைவராக விளங்கிய ஆர். எச். நாதன், கோலாலம்பூரில் 1924இல் தோன்றிய ‘தமிழ் நேசன்’ நாளேட்டில் பணியாற்றியவர். தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளுள் கூலி உயர்வு ஒன்று. சீனத் தொழிலாளர்க்குச் சமமான கூலி வேண்டும் என்றனர். ஆயினும் பட்டியல் அதனோடு முடியவில்லை. கள்ளுக்கடைகளை மூடவேண்டும், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும், பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்தவேண்டும், துரைமார் முன்னிலையிலும் சைக்கிளில் ஏறிச் செல்லும் உரிமை வேண்டும் என்பனவும் அதில் அடங்கின.

துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கவேண்டும் என்பது எழுதப்படாத சட்டமாக இருந்த காலம் அது. அந்த ஒரு கோரிக்கையே தொழிலாளரின் உள்ளக்கிடக்கையைக் காட்டப் போதுமானது. அவர்கள் வேண்டியது காசு மட்டுமன்று, மானமும் ஆகும். காந்தித் தொப்பி அணிந்து அவர்கள் திரண்டதும் அதுபற்றியே. இதற்குக் கிடைத்த மறுமொழி யாது? மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டுப் பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. படையினர் வரவழைக்கப்பட்டனர், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் துறந்தனர்.

இது நடந்து ஏழு திங்கள் ஆகுமுன் அதே மக்களிடம், நாட்டைக் காக்க ஊக்கத்தோடு நிற்குமாறு அரசு கேட்டது. 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். அன்றே படைத்தலைவர் புரூக் பாப்பமின் அறிக்கை வெளியாயிற்று. நாம் ஆயத்தமாக இருக்கிறோம், நம் அரண்கள் வலியன என்பது அதன் சாரம். அவ்வறிக்கை அன்று எழுந்த சூழ்நிலையைக் கண்டு எழுதியதன்று. பல மாதங்களுக்கு முன்பே எழுதிவைக்கப்பட்டது. இரண்டே நாளில், டிசம்பர் 10ஆம் நாள், பெருமையோடு வரவேற்கப்பட்ட ‘பிரின்ஸ் ஆப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ என்னும் இரு போர்க்கப்பல்களும் குவாந்தானுக்கு அப்பாற்பட்ட கடலில் மூழ்கின.

அரணின் வலிமைபற்றிய பொய்யினும் பெரிய கேட்டை விளைத்தது பினாங்கு நிகழ்ச்சி. குண்டு வீச்சுக்கு இலக்கான அத்தீவிலிருந்து ஐரோப்பியர் மட்டும் இரவோடு இரவாக அகற்றப்பட்டனர். தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் கைவிடப்பட்டனர். பின்னர்ச் சிங்கப்பூர் வானொலியில் பேசிய அமைச்சர் டப் கூப்பர், பினாங்கு மக்களிற் பெரும்பாலோர் பாதுகாப்பாக வெளியேற்றப்பட்டனர் என்ற பொருளில் உரைத்தார். அவர் கணக்கில் மக்கள் என்போர் யார் என்பது கேட்டவர்க்கு உடனே விளங்கிற்று. பகைவரின் பிரசாரம் நூறு துண்டறிக்கையால் செய்ய முடியாததை அந்த ஒரு சொல் செய்தது. மேலும், பினாங்கு வானொலி நிலையத்தை அழிக்காமலே விட்டுச் சென்றனர். டிசம்பர் 19ஆம் நாள் தீவைக் கைப்பற்றிய ஜப்பானியர், அதே நிலையத்திலிருந்து சிங்கப்பூரை நோக்கி ஏளனமாகப் பேசலாயினர். 1942 சனவரி 11ஆம் நாள் கோலாலம்பூரும், பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரும் வீழ்ந்தன.

இரண்டாவது குரல் எடுத்த எடுப்பிலேயே செவியில் ஏறியதற்குக் காரணம் இப்போது விளங்கும். ஆசியா ஆசியர்க்கே என்பது ஜப்பானியரின் முழக்கம். புச்சோங்கிலும் காப்பாரிலும் பால் வெட்டிய தமிழனுக்கு அம்முழக்கத்தை விளக்கிச் சொல்ல யாரும் தேவைப்படவில்லை. சைக்கிளைவிட்டு இறங்கி நின்றவன் அவன். வெல்லவொண்ணாதவர் என்று எண்ணியிருந்த துரைமார் ஓடியதைக் கண்ணாற் கண்டவனும் அவனே. பிரசாரம் புதிய உணர்ச்சி எதையும் அவனுக்குத் தரவில்லை. அவன் நெஞ்சில் ஏற்கெனவே கனன்றுகொண்டிருந்ததற்கு ஒரு பெயர் சூட்டிற்று. அவ்வளவே.

அந்தப் பெயரும் நெடுநாள் நிலைக்கவில்லை. கடிகாரம் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பப்பட்டது. ஆண்டு 1942 என்பது 2602 ஆயிற்று. துரைக்கு முன் இறங்கி நின்றவன் ஜப்பானியச் சிப்பாய்க்கு முன் குனிந்து வணங்கவேண்டியதாயிற்று. தவறினால் கன்னத்தில் அறை விழுந்தது. அரிசிக்கு மாறாக மரவள்ளிக் கிழங்கு வந்தது. வாழைமர நோட்டு என்று மக்கள் அழைத்த பணம் நாளுக்கு நாள் மதிப்பிழந்தது. கூட்டு வளமை பேசிய ஏட்டை விரித்து, அதன்மேல் கிழங்கை வைத்துத் தின்னும் நிலையில் ஏட்டின் சொல்லை எவர் நம்புவர்?

சயாம் பர்மா ரயில் பாதை அந்தப் பிரசாரத்தின் முகத்திரையை முற்றும் கிழித்தது. பான்போங்குக்கும் தன்பியூசயாட்டுக்கும் இடையே ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, உணவும் உறைவிடமும் இலவசம் என்று ஆள் சேர்த்தனர். அச்சொல்லை நம்பித் தாமே சென்றவர் சிலர்; நம்பாத பலர் வலிந்து பிடித்துச் செல்லப்பட்டனர். மலாயாவிலிருந்து சென்றோர் தொகை 70,000க்கும் மேல் என்பர். அவருட் பெரும்பாலோர் தமிழர். வாந்திபேதியும் மலேரியாவும் பட்டினியும் வாட்ட, பல்லாயிரவர் அக்காட்டிலேயே மடிந்தனர். தப்பி வந்த ஒருவன் லயத்து வாசலில் அமர்ந்து கூறிய செய்திக்கு முன் எந்த வானொலியும் நிற்க முடியவில்லை.

பிரசாரத்தின் வெற்றி சாதனத்தின் திறத்தில் இல்லை என்பதற்குக் கடலுக்கு அப்பாலிருந்தும் ஒரு சான்று உண்டு. தமிழகத்தில் ஆங்கில அரசு போர் முயற்சிக்கு ஆதரவான படங்களை எடுக்கச் செய்தது. மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரத்தின் ‘பர்மா ராணி’யும், கே. சுப்பிரமணியத்தின் ‘மான சம்ரட்சண’மும் 1945இல் வெளிவந்தன. அவற்றில் ஜப்பானியரே பகைவர். அதே ஆண்டின் இறுதியில் தில்லிச் செங்கோட்டையில் இந்திய தேசிய இராணுவத்தினர் மீது வழக்கு நடந்தபோது, தமிழகமும் ஏனைய இந்தியாவும் அவ்வீரர் பக்கமே நின்றன. திரையில் ஆங்கில அரசின் சார்பான கதையைக் கண்ட மக்கள், தெருவில் அவ்வரசை எதிர்த்தே முழங்கினர்.

இனி மூன்றாவது குரல். 1943 சூலை 2ஆம் நாள் சிங்கப்பூர் வந்த போஸ், 4ஆம் நாள் கேத்தே அரங்கில் இந்திய விடுதலைச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். மறுநாள் படையின் முன் பேசியபோது அவர் நல்வாழ்வு தருவதாகக் கூறவில்லை. பசி, தாகம், துன்பம், கடும் நடை, சாவு இவையன்றி இப்போது கொடுப்பதற்குத் தம்மிடம் வேறொன்றுமில்லை என்றார். கூலியும் உணவும் தருவதாகச் சொன்ன குரலைக் கேட்டுக் கேட்டு ஏமாந்த மக்களுக்கு இது புதிய குரல். அவருடைய உரைகள் தமிழில் பெயர்த்துரைக்கப்பட்டன. ‘யுவ பாரதம்’ போன்ற தமிழ் ஏடுகள் அவற்றைத் தோட்டந்தோறும் கொண்டுசென்றன. கோலாலம்பூரில் அவர் பேச்சைக் கேட்ட ஜானகி தேவர் என்னும் இளம்பெண் தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்து, ஜான்சி ராணிப் படையிற் சேர்ந்து, பின்னர் அதன் துணைத்தலைவியரில் ஒருவரானார். இந்தியாவை ஒருமுறையேனும் கண்டிராத தோட்டத்துப் பெண்கள் பலர் அப்படையில் துப்பாக்கி ஏந்தினர்.

இக்குரலைக் குற்றமற்றதென்று போற்றிவிடுவது திறனாய்வு ஆகாது. படையிற் சேர்ந்தோர் எல்லாரும் உரையின் உணர்ச்சியால் சேர்ந்தாரல்லர்; ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்படாமல் தப்பவும் ஒருவேளைச் சோற்றுக்கும் சேர்ந்தவரும் உண்டு. 1944இல் இம்பால் போர்முனையில் நேர்ந்த தோல்வி ஏடுகளில் உள்ளவாறு உரைக்கப்படவில்லை. யாவற்றினும் பெரிய குறை, சயாமில் மாண்டுகொண்டிருந்த தமிழரைப்பற்றி அவ்வேடுகள் வாய்திறவாது இருந்தமை. ஜப்பானியரின் துணையை நம்பி நின்ற இயக்கம் அவர் செய்த கொடுமையைப் பறைசாற்ற இயலாது என்பது காரணமாகலாம். அதனால் அம்மௌனம் நியாயமாகிவிடாது. மானத்தைப் பேசிய குரல், மானமும் உயிரும் ஒருங்கே இழந்தோரைப் பேசாது விட்டது.

அங்ஙனமாயின் இதற்கும் ஏனைய இரண்டற்கும் வேறுபாடு யாது? வஞ்சினத்தின் இலக்கணமே அதற்கு விடை கூறுகிறது. 1945 ஏப்ரலில் இரங்கூனை விட்டு நீங்கவேண்டி வந்தபோது, போஸ் தாம் மட்டும் தப்பிச் செல்ல உடன்படவில்லை. ஜான்சி ராணிப் படைப் பெண்களோடு, வானிலிருந்து குண்டு விழும் வழியில், இரவில் நடந்தும் பகலில் மறைந்தும் பாங்காக்கை நோக்கிச் சென்றார். கடும் நடையைத் தருவேன் என்றவர் அந்நடையைத் தாமும் நடந்தார். பினாங்கில் சொன்னவர் தப்பினர், கேட்டவர் சிக்கினர். சயாமில் அழைத்தவர் அதிகாரம் செய்தனர், சென்றவர் மடிந்தனர். இரங்கூனில் சொன்னவரும் கேட்டவரும் ஒரே சேற்றில் நடந்தனர். தோல்விக்குப் பின்னும் அக்குரல் மக்கள் நெஞ்சில் பழிக்கப்படாது நின்றதற்குக் காரணம் இதுவே.

ஒரு தடை எழலாம். சொல்பவன் தன்னை ஈடு வைத்தால் மட்டும் சொல் மெய்யாகிவிடுமா? தவறான நோக்கத்துக்காக உயிரையே ஈந்த தலைவர் உலகில் உண்டு. இத்தடை பொருளுடையது. ஆதலின் வஞ்சினத்தின் அளவுகோலோடு மற்றொன்றும் வேண்டும்: சொல் முடிந்தபின் கேட்டவனிடம் எஞ்சுவது யாது என்பது. ஆங்கிலேயர் சொல் முடிந்தபின் எஞ்சியது வெறுப்பு. ஜப்பானியர் சொல் முடிந்தபின் எஞ்சியவர் விதவைகளும் அனாதைகளும். போஸின் சொல் முடிந்தபின் எஞ்சியதோ நிமிர்ந்த முதுகு. 1946இல் மலாயா இந்தியர் காங்கிரசைத் தொடங்கியோருள் அவ்வியக்கத்தில் இருந்தவர் பலர். ஜான் திவி அதன் முதல் தலைவர்; ஜானகியும் அதில் முன்நின்றார். கெடாவில் எழுந்த தொண்டர் படையின் இளைஞர் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றனர். கள்ளுக்கடையை மூடு என்பது 1941இல் கிள்ளான் தொழிலாளர் எழுதிய பட்டியலிலேயே உள்ளது என்பதை மறத்தலாகாது. பிரசாரம் வந்து போயிற்று, கோரிக்கை மாறவில்லை.

இவ்வுண்மை தமிழாசிரியர்க்கு ஒரு கடமையைச் சுட்டுகிறது. படையின் வீரம் மேடைகளில் பாடப்படுகிறது. ரயில் பாதையில் மடிந்தோர் ஓரிரு வரிகளில் அடங்கிவிடுகின்றனர். 1957இல் வெளிவந்து உலகப் புகழ்பெற்ற ‘குவாய் ஆற்றுப் பாலம்’ என்னும் ஆங்கிலப் படம் அப்பாதையைப் போர்க் கைதிகளின் கதையாகவே காட்டிற்று. அதைக் கண்டோர் அங்குத் தமிழன் ஒருவன் இருந்தான் என்பதை அறிய வழியில்லை. போர்க்காலத்து மௌனம் போருக்குப் பின்னும் நீடிப்பதாயின், அதுவும் ஒருவகைப் பிரசாரமே. வஞ்சினக் காஞ்சியை வகுப்பில் விளக்கும் நாளில், கிள்ளான் பட்டியலையும் சயாமுக்குச் சென்று திரும்பாதவரையும் மாணவர்க்கு ஒருசேர எடுத்துரைத்தல் வேண்டும். இனி ஒரு குரல் அவர்களை அழைக்கும்போது, அக்குரலின் இனிமையில் மயங்காமல், அழைப்பவன் எதை ஈடு வைக்கிறான் என்று கேட்க அவர்கள் அப்போதுதான் கற்பர்.