கிண்ணத்தில் ஊற்றும் உரம்

புரோமெலியாட்டுக்கு உரமே வேண்டாம் என்பவர்கள் ஒருபுறம். ரோஜாவுக்கும் குரோட்டன்ஸுக்கும் கலக்கும் அதே கரைசலை இதற்கும் ஊற்றுபவர்கள் மறுபுறம். இரு தரப்புமே இந்தச் செடி எப்படி உண்கிறது என்பதைக் கவனிப்பதில்லை.

தென் அமெரிக்க மழைக்காடுகளில் மரக்கிளைகளில் தொற்றி வளரும் குஸ்மேனியா, விரீசியா போன்ற புரோமெலியாட்டுகளுக்கு வேர் பெரும்பாலும் பிடிமானத்துக்குத்தான். இலைகள் கூடி நடுவில் அமைக்கும் கிண்ணத்தில் மழைநீர் தேங்கும். சருகு, செத்த பூச்சி, தவளையின் கழிவு எல்லாம் அதில் விழுந்து மக்கும். அந்த நீர்த்த சாற்றை இலையின் மேலுள்ள நுண்செதில்கள் உறிஞ்சிக்கொள்ளும். வீட்டுக் கூடத்தில் சருகும் விழாது, தவளையும் வராது. ஆகவே "காட்டில் யார் உரம் வைத்தார்கள்?" என்ற கேள்வி இங்கே பொருந்தாது. காட்டில் உணவு வந்துகொண்டேதான் இருக்கிறது, மிக மெல்லியதாக.

இலைவழி ஊட்டத்தின் வலிமையை இதே குடும்பத்து அன்னாசி என்றோ காட்டிவிட்டது. ஹவாயில் மாங்கனீசு மிகுந்த மண்ணில் மஞ்சளித்துப்போன அன்னாசிச் செடிகளுக்கு இரும்பு சல்பேட் கரைசலைத் தெளித்துப் பச்சையை மீட்கலாம் என்று மேக்ஸ்வெல் ஜான்சன் 1916இல் எழுதினார். இன்று அன்னாசித் தோட்டங்களில் யூரியாவும் இலைமேல் தெளிக்கப்படுகிறது. ஆனால் அன்னாசியில் நாம் தேடுவது பழத்தின் எடை. வீட்டுச் செடியில் தேடுவது நிறமும் வடிவமும். விளைச்சலுக்கான ஊட்டத்தை அழகுக்கான செடியில் பழகும்போதுதான் கெடுதல் தொடங்குகிறது.

நியோரெஜிலியா என்ற புரோமெலியாட்டைப் பாருங்கள். அதன் பூ கிண்ணத்து நீரோடு நீராகக் கிடக்கும். அழகெல்லாம் இலையின் சிவப்பில். தழைச்சத்து கூடினால் அந்தச் சிவப்பின் மேல் பச்சை ஏறும். அடக்கமான வட்டம் குலைந்து இலைகள் வார்போல நீளும். வெளிச்சமும் குறைந்த அறையென்றால் சீக்கிரமே அது வேறு செடிபோல ஆகிவிடும். குஸ்மேனியா அப்படியல்ல, பச்சை இலையும் பெரிய பூங்கொத்தும் கொண்ட அதற்கு, வளரும் பருவத்தில் மிதமான ஊட்டம் நன்மையே செய்கிறது. எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடக்கி ஒரே அளவு சொல்லும் அறிவுரைகளை என்னால் ஏற்க முடியவில்லை.

கிண்ணத்தில் முழுச்செறிவுக் கரைசலை ஊற்றுவதுதான் வீட்டில் உரமிடும் பழக்கத்தின் மிகப் பெரிய குறை. நீர் ஆவியாகும், உப்பு தங்கும். காட்டில் அடுத்த மழை அலசிவிடும். வீட்டில் அலச யாருமில்லாததால் இலைநுனி கருகும், கிண்ணத்தில் பாசி பிடிக்கும். 19:19:19 போன்ற கரையும் உரத்தைப் பாக்கெட்டில் சொன்ன அளவில் கால் பங்காக்கி, இலையிலும் தொட்டிக் கலவையிலும் தெளித்து, கிண்ணத்து நீரை அவ்வப்போது கவிழ்த்துவிட்டு நல்ல நீரால் அலசினால் இந்தக் கேடு வராது. தாமிரம் கலந்த நுண்ணூட்டத்தையோ பூஞ்சைக்கொல்லியையோ அருகில் கொண்டுவரவே கூடாது. இந்தச் செடிகளுக்கு அது நஞ்சு.

பூத்து முடிந்த செடி வாடத் தொடங்கியதும் பதறி உரம் கொட்டுவது வீண். அந்தத் தண்டு ஒருமுறைதான் பூக்கும். அதன் பின் மெல்ல மடிவது அதன் இயல்பு. ஊட்டம் சேர வேண்டியது பக்கத்தில் முளைக்கும் கன்றுக்கு. தாயில் பாதியளவு வளர்ந்ததும் பிரித்து நட்டு, புதுக் குருத்து தலைகாட்டியதும் கால் பங்குக் கரைசலைத் தொடங்கலாம். கன்று நியோரெஜிலியா என்றால், சிவப்பு ஏறத் தொடங்கும்போது அதையும் நிறுத்திவிட வேண்டும்.