‘நள்ளென்’ என்னும் சொல்

அமைதியை உணர்த்தும் பழந்தமிழ்ச் சொற்களுள் ‘நள்ளென்’ என்பது ஆராயத்தக்கது. சங்கப் புலவர் இதனை யாமம், கங்குல் முதலிய பொழுதுப் பெயர்களோடு சேர்த்து வழங்குவர். ‘நள்ளிரவு’, ‘நண்பகல்’ என்பவற்றை நோக்கி, இதற்கும் நடு என்பதே பொருளென மாணவர் பலர் கொள்வர். அது பொருந்தாது. சிறுபொழுது ஆறனுள் யாமம் என்பதே நடுவிரவாதலின், அவ்வுரை கூறியது கூறலாய் முடியும். அன்றியும், நன்னாகையார் பாடிய குறுந்தொகை 118ஆம் பாட்டில் மாலைப்பொழுதே ‘நள்ளென’ வந்தது எனப்படுகின்றது. மாலைக்கு நடு என்னும் பொருள் ஏலாமை வெளிப்படை.

இனி, ‘நள்ளிரவு’ என்பதில் இல்லாத ‘என்’ என்னும் உறுப்பு இதன்கண் உளது. ‘என’ என்னும் இடைச்சொல் வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர் என்னும் ஆறு நிலைக்கண்ணும் வருமெனத் தொல்காப்பிய இடையியல் கூறும். ‘ஒல்லென’ என்பது இசை. ‘பொள்ளென’ என்பது விரைவுக் குறிப்பு. ‘வெள்ளென’ என்பது பண்பு. இருளின் செறிவைக் கருதி ‘நள்ளென்’ என்பதைப் பண்பென்பாரும், இரவில் எழும் ஓசையைக் கருதி இசையென்பாரும் உளர். இசையாயின், அஃது அமைதியை உணர்த்துமாறு யாங்ஙனம்?

விடை செய்யுட்களிலேயே உளது. குறுந்தொகை 6ஆம் பாட்டில் பதுமனார் காட்டும் தலைவி, ஊரார் பேச்சு அவிந்து உறங்க, உலகெலாந் துயில, தான் ஒருத்தியே துயிலாதிருக்கின்றாள். அங்கு இச்சொல் பாட்டின் முதலிலேயே வினைமுற்றாய் நிற்கின்றது. மாந்தர் சொல் அடங்கியவிடத்து யாமம் ‘நள்’ என்கின்றது. நன்னாகையாரின் தலைவியோ, வாயிற்கதவு அடைக்கும் வேளையிலும் வாராத காதலரை எண்ணி வருந்துகின்றாள். நக்கீரரின் நெடுநல்வாடையில், பாசறையிற் புண்பட்ட வீரரைக் காணச் செல்லும் வேந்தன் பள்ளிகொள்ளாத பொழுதே ‘நள்ளென்’ யாமமாகின்றது. இருவர்க்குக் காதற்றுயர், ஒருவற்குப் போர்க்கடமை. பிறர் அடங்கிய பொழுதில் தாம் அடங்கமாட்டாமை மூவர்க்கும் பொது.

ஆதலின், ஓசையெல்லாம் ஒழிந்தபின் விழித்திருப்பார் செவியில் எஞ்சுவதே ‘நள்’ என்னும் இசை எனக் கொள்ளலாம். மூன்று பாட்டுக்கொண்டு எல்லா ஆட்சிக்கும் விதி வகுத்தல் மிகையாகும். ஆயினும், உறங்குவார்க்கு இரவின் அமைதி புலனாவதில்லை. அதனை அறிவார் உறங்காதாரே. இச்சொல்லை ‘நடுவிரவு’ என்று உரைத்து அமைவோமாயின், பொழுது நமக்கு விளங்கும்; அப்பொழுதிற் கண்படாதிருந்தாரின் தனிமை விளங்காது போய்விடும்.