சராசரிக்குள் ஒளியும் பிழை

அலாரம் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டுவது தொலைத்தொடர்புப் பராமரிப்பில் இன்று பெரிய சாதனையாகப் பேசப்படுகிறது. அதற்குக் கையாளும் வழி எளியது: 30 பேச்சுகளைச் சுமக்கும் ஈ-1 டிஜிட்டல் லைன்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பிழை வீத வரம்பு, ஒரே கால அளவு. ‘வீண் அலாரம் நின்றால்தான் உண்மையான அலாரத்தை ஆட்கள் கவனிப்பார்கள்’ என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம்.

அதில் உண்மை உண்டு. ஓயாமல் அடிக்கும் அலாரத்தை யாரும் மதிப்பதில்லை. ஆயிரம் பிட்டுக்கு ஒரு பிழை என்ற அளவுக்கு லைன் கெட்டால் உடனே மாற்றுப் பாதைக்குத் தாவ, வீத வரம்பைப் போல் உதவுவது வேறில்லை. என் மறுப்பு அதற்குக் கீழே, பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற எச்சரிக்கை வரம்பைக் கால் மணி நேரச் சராசரியாக வைப்பதைப் பற்றியது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஈ-1 லைனில் வினாடிக்கு 20,48,000 பிட்டுகள் ஓடுகின்றன. 15 நிமிடத்தில் ஏறத்தாழ 184 கோடி. எனவே வரம்பைத் தொட சுமார் 1,843 பிழைகள் வேண்டும். இரண்டு லைன்களிலும் தலா 1,900 பிழைகள் என்று கொள்வோம். முதல் லைனில் அவை வினாடிக்கு இரண்டு வீதம் பரவிக் கிடக்கின்றன. ஒவ்வொரு பேச்சு வழிக்கும் 15 வினாடிக்கு ஒரு பிழைகூட முழுதாகச் சேராது. பேசுகிறவர் காதில் அநேகமாக எதுவும் விழாது. இரண்டாவது லைனில் 1,900 பிழைகளும் ஒரே வினாடியில் கொட்டுகின்றன. 30 பேச்சுகளும் கரகரக்கின்றன, ஃபேக்ஸ் பக்கம் சிதைகிறது. மீதி 899 வினாடிகளும் சுத்தம். சராசரிக்கு இரண்டும் ஒன்றே.

இதைவிட மோசமானது அடுத்தது. ஓடும் லைனில் சாதனம் பிட்டுகளை நேரடியாக எண்ணுவதில்லை. சி.ஆர்.சி.-4 முறையில் 2,048 பிட்டுகளை ஒரு தொகுதியாக்கி, வினாடிக்கு 1,000 தொகுதிகளைச் சரிபார்க்கிறது. ஒரு தொகுதிக்குள் எத்தனை பிழை இருந்தாலும் கணக்கில் ஏறுவது ஒன்றுதான். முதல் லைனின் பிழைகள் தனித்தனித் தொகுதிகளில் விழுவதால் கிட்டத்தட்ட எல்லாமே எண்ணப்பட்டு அலாரம் அடிக்கும். இரண்டாவது லைனில் அந்த ஒரு வினாடிக்கான கணக்கு 1,000-ஐத் தாண்டவே முடியாது. இதற்கெனத் திருத்தம் செய்யாத சாதனத்தில் வரம்பு தொடப்படாது. அலாரம் வாய் திறக்காது. யாருக்கும் உறைக்காத பிழைக்குக் கூச்சல், சந்தாதாரரைத் துன்புறுத்தும் பிழைக்கு மௌனம்!

நோய்களும் வேறு வேறு. ஓயாத சிறு பிழை, குறைந்துவரும் சிக்னலையோ பழுதாகும் ரீஜெனரேட்டரையோ காட்டும். திடீரெனக் கொட்டும் பிழை நீர் இறங்கிய ஜாயிண்ட், மின்னல், பக்கத்து மின்கம்பியின் தூண்டல் ஆகியவற்றின் வேலை. இரண்டையும் ஒரே எண்ணில் கலந்துவிட்டால் பழுதுபார்க்கப் போகிறவர் எங்கிருந்து தேடத் தொடங்குவார்?

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இதை எப்போதோ உணர்ந்துவிட்டது. அதன் ஜி.821 பரிந்துரையே பிழையுற்ற வினாடிகளையும் கடும்பிழை வினாடிகளையும் தனியே எண்ணச் சொன்னது. நிமிடச் சராசரியில் நின்ற ‘தரம் குறைந்த நிமிடம்’ என்ற அளவு பிந்தைய திருத்தங்களில் கைவிடப்பட்டது. 1993-இன் ஜி.826, தொகுதிகளில் 30 விழுக்காடு பிழையானாலே அந்த வினாடியைக் கடும்பிழை வினாடி என்கிறது. இந்தக் கணக்கில் முதல் லைனில் ஏறத்தாழ எல்லா வினாடிகளும் பிழையுற்றவை, கடும்பிழை வினாடி ஒன்றுமில்லை. இரண்டாவதில் பிழையுற்றது ஒரே வினாடி, அதுவும் கடும்பிழை. நோய் எது என்று எண்களே சொல்லிவிடுகின்றன.

இந்த இருவகை வினாடிகளையும் எண்ணும் எண்ணிகள் பெரும்பாலான சாதனங்களில் 15 நிமிடக் கணக்காகவும் 24 மணி நேரக் கணக்காகவும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு வரம்பு வைக்கப் புதிதாக எதையும் வாங்க வேண்டாம். ‘இத்தனை எண்களை யார் பார்ப்பது’ என்ற கேள்வியை நான் ஏற்க மாட்டேன். பார்க்க வேண்டியவை இரண்டே எண்கள். பாதை மாற்றத்துக்கு மட்டும் பிழை வீதத்தை வைத்துக்கொண்டு, எச்சரிக்கையை வினாடிக் கணக்குக்கு மாற்ற வேண்டும். அதைச் செய்யாமல் அலாரம் குறைந்தது என்று பாராட்டு வாங்குகிறவர்கள் லைனைச் சரிசெய்யவில்லை. சந்தாதாரரின் புகார் தங்களை எட்டாதபடி பார்த்துக்கொண்டார்கள்.