ரேஞ்ச்ஃபைண்டர்: ஏக்கத்தைக் கழித்தால் மிஞ்சுவது

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களுக்கு இன்று கிடைக்கும் பாராட்டில் பெரும்பகுதி அவற்றுக்கு உரியதல்ல. நிதானமாகப் படமெடுக்கக் கற்றுத்தருகிறது என்கிறார்கள். அது ஃபிலிமின் குணம். ரோலில் 36 படம்தான், ஒவ்வொன்றுக்கும் காசு என்றால் எந்தக் கேமராவும் நம்மை யோசிக்க வைக்கும். கையில் எடுத்தாலே ஒரு கனம், ஒரு நேர்த்தி என்கிறார்கள். அது உலோக உடலுக்கும் குரோமியப் பூச்சுக்கும் சேர வேண்டியது. அதே காலத்து எஸ்.எல்.ஆர். கேமராக்களுக்கும் அது உண்டு. ஃபிலிமையும் பழமையையும் கழித்துவிட்டால், இந்தப் பொறிக்கென்றே உரிய சிறப்பு ஏதாவது மிஞ்சுகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. மிஞ்சுகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தச் சிறப்பு எங்கிருந்து வருகிறதோ, இதன் குறைகளும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன.

பொறி எளிமையானது. கேமராவின் முகப்பில் இரண்டு ஜன்னல்கள். பெரிய ஜன்னல் வழியாக நம் கண் நேராக வெளியே பார்க்கிறது. சில சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் சின்ன ஜன்னல் வழியாக வரும் காட்சி, உள்ளே ஒரு கண்ணாடியில் பட்டுத் திரும்பி, பாதி ஒளியை ஊடுருவவிட்டுப் பாதியைத் திருப்பும் இன்னொரு கண்ணாடியின் உதவியால், முதல் காட்சியின் நடுவே ஒரு சிறு கட்டமாக விழுகிறது. லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப, சின்ன ஜன்னலின் காட்சி இம்மி இம்மியாக நகர்கிறது. கட்டத்துக்குள் இரண்டாகத் தெரிந்த முகம் ஒன்றாகும்போது ஃபோகஸ் சரியாகிவிட்டது. நில அளவையில் தூரம் காணும் அதே முக்கோணக் கணக்குதான் இது. கோடாக் நிறுவனம் 1916-இலேயே ஒரு மடக்குக் கேமராவில் இதை லென்ஸுடன் இணைத்துவிட்டது. 1925-இல் விற்பனைக்கு வந்த முதல் லைக்காவில் இது கிடையாது. தூரத்தைக் கண்மதிப்பில் ஊகிக்க வேண்டும், அல்லது தனிக்கருவியால் அளந்து லென்ஸில் வைக்க வேண்டும். 1932-இல் லைக்கா இரண்டாம் மாடலும் சைஸ் ஐகானின் கான்டாக்ஸும் வந்த பிறகே சிறிய 35 மி.மீ. கேமராவுக்குள் இந்தப் பொறி நிலைபெற்றது.

இந்த அமைப்பில் நம் கண் லென்ஸ் வழியாகப் பார்ப்பதே இல்லை. எல்லா விளைவுகளும் இதிலிருந்து தொடங்குகின்றன. எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸ் பார்ப்பதை நாமும் பார்க்கிறோம். பின்னணி கலங்கியிருந்தால் கலங்கலாகவே தெரியும். ஷட்டர் திறக்கும் கணத்தில் உள்ளிருக்கும் கண்ணாடி மேலே எழும்பி நம் கண்ணை மறைத்துவிடும். இன்றைய மிரர்லெஸ் கேமராவும் கைப்பேசியும் இன்னொரு படி மேலே போகின்றன. வெளிச்சம், நிறம், கலங்கல் எல்லாம் முடிவாகி, எடுக்கப்போகும் படமே முன்கூட்டித் திரையில் நிற்கிறது. ரேஞ்ச்ஃபைண்டரின் ஜன்னலில் தெரிவது படம் அல்ல, இடம். அருகில் இருப்பதும் தொலைவில் இருப்பதும் ஒரே தெளிவில் தெரிகின்றன. படத்தின் எல்லையைக் காட்டும் ஒளிக்கோடு நடுவில் மிதக்கிறது; பல மாடல்களில் அதற்கு வெளியேயும் காட்சி தொடர்கிறது. சட்டத்துக்குள் நுழையப்போகிற சைக்கிளை அது நுழையும் முன்பே பார்த்துவிடலாம். அழுத்தும் கணத்திலும் இருட்டு விழுவதில்லை. எதிரே இருப்பவர் கண்சிமிட்டினாரா இல்லையா என்பது எடுத்தவருக்கு அப்போதே தெரியும்.

ஆகவே படத்தை மனதில்தான் கட்ட வேண்டியிருக்கிறது. எது தெளிவாக விழும், எது கரையும், வெளிச்சம் எவ்வளவு உள்ளே போகும் என்பதைக் கேமரா காட்டாது. இந்த உழைப்பு புகைப்படக்காரரை மாற்றுகிறது. திரையில் படத்தைத் திருத்திக்கொண்டே எடுப்பவரின் கவனம் திரையில் இருக்கும். இங்கே கவனம் எதிரே நிற்பவர்மேல் இருக்கும். வலக்கண்ணை வைத்துப் பார்ப்பவரின் முகத்தில் பாதி மறைவதில்லை என்பதும் சிறிய விஷயமல்ல. படம் எடுக்கப்படுகிறவர் இன்னும் ஒரு மனித முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். 1954-இல் வந்த லைக்கா எம்3-இன் ஜன்னல் காட்சியை ஏறக்குறைய இயல்பு அளவிலேயே, 0.91 மடங்கில் காட்டியது. இரண்டு கண்களையும் திறந்து வைத்துப் பார்த்தால், வெறும் காற்றில் ஒரு சட்டம் தொங்குவதுபோலத் தெரியும்.

நிதானம் என்ற பாராட்டு வரலாற்றைத் தலைகீழாக்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ரேஞ்ச்ஃபைண்டர் அதன் காலத்தில் வேகத்தின் கருவி. பத்திரிகைக்காரர்கள் தகடு தகடாக மாற்றிக்கொண்டு பெரிய கேமராக்களைச் சுமந்த நாளில், பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் 1930-களின் தொடக்கத்தில் லைக்காவைக் கையிலெடுத்தது சட்டைப்பைக்குள் போகும் அளவும் சட்டென்று இயங்கும் தன்மையும் வேண்டித்தான். தெருவில் நின்று எடுப்பவர்கள் பெரும்பாலும் அந்த இரட்டைப் பிம்பத்தைச் சேர்ப்பதுகூட இல்லை. 35 மி.மீ. லென்ஸில் அபர்ச்சரை எஃப் 8-இலும் தூரத்தை 3 மீட்டரிலும் நிறுத்திவிட்டால், மரபான கணக்குப்படி சுமார் 1.9 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை எல்லாம் தெளிவு. அந்த எல்லைக்குள் வருகிறவரைக் கேமராவைத் தூக்கியதும் எடுத்துவிடலாம். எந்த ஆட்டோஃபோகஸும் இதைவிட வேகமல்ல, ஏனெனில் இங்கே ஃபோகஸ் செய்யும் வேலையே மிச்சமில்லை.

இந்தச் சிறப்புகளைப் பேசும்போது எல்லோரும் லைக்காவிடமே போய் நிற்கிறார்கள். எனக்கு இந்தப் பொறியின் நேர்மையான வடிவம், 1960-களிலும் 70-களிலும் ஜப்பானில் குடும்பங்களுக்காகச் செய்யப்பட்ட, லென்ஸைக் கழற்ற முடியாத எளிய கேமராக்கள்தான். கேனன் கேனனெட் 1961-இல் 18,800 யென்னுக்கு வந்தது, எஃப் 1.9 லென்ஸ், தானாக அமையும் எக்ஸ்போஷர். 1966-இன் யாஷிகா எலெக்ட்ரோ 35 அபர்ச்சரை மட்டும் நம்மிடம் விட்டுவிட்டு ஷட்டர் வேகத்தை மின்சுற்றின் பொறுப்பில் வைத்தது. கைநடுங்கும் அளவுக்கு ஷட்டர் மெதுவானால் மஞ்சள் விளக்கு, வெளிச்சம் அளவை மீறினால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான் அதன் பேச்சு. 1970-இன் ஒலிம்பஸ் 35 ஆர்.சி. உள்ளங்கையில் அடங்கும். இவற்றின் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இதழ்களாக இருப்பதால் ஓசை மிகக் குறைவு. எந்த வேகத்திலும் ஃப்ளாஷ் இணையும். 40 முதல் 45 மி.மீ.க்குள் ஒரே பார்வைக்கோணம் என்பதால், கொஞ்ச நாளில் கேமராவைத் தூக்கும் முன்பே எது சட்டத்துக்குள் வரும் என்று கால்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

இனி குறைகள். மூடியைக் கழற்றாமல் ஒரு ரோல் முழுவதையும் எடுத்து முடிக்கலாம். ஜன்னல் எப்போதும்போல் ஒளிர்ந்துகொண்டே இருக்கும். செங்குத்துக் கோடுகள் இருந்தால் பிம்பங்கள் சேர்வது துல்லியமாகத் தெரியும். கிடைக்கோடுகள் மட்டும் இருந்தால் கேமராவைச் சாய்க்க வேண்டும். ஜன்னல் கம்பிகள்போல ஒரே வடிவம் அடுத்தடுத்து வந்தால் ஒரு கம்பி வேறொரு தவறான கம்பியோடு அழகாகப் பொருந்திவிடும். மாலை மங்கிய பிறகு, ஐம்பது வயதான கேமராவின் வெளிறிப்போன கட்டத்தில் எதுவுமே தெரிவதில்லை. என்னைப்போல் மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்கு, 28 மி.மீ. கோடுகள் பல மாடல்களில் ஓரத்தில் மறைந்துபோகின்றன. இடக்கண் பழக்கமுள்ளவர்களுக்கு, நான் மேலே புகழ்ந்த பாதிமுகச் சலுகை கிடையாது.

இவையெல்லாம் பழகிக்கொள்ளக்கூடியவை. பழக்கத்தால் தீராதது ஒன்று உண்டு, அது அண்மை. கேனனெட்டும் எலெக்ட்ரோவும் 0.8 மீட்டருக்குக் கிட்டே போக முடியாதவை. லைக்கா எம் வரிசையின் பொறி 0.7 மீட்டரில் நின்றுவிடுகிறது. அதைவிடக் கிட்டே போகும் புதிய லென்ஸ்கள் உண்டு, ஆனால் அந்த எல்லையைத் தாண்டியதும் இரட்டைப் பிம்பம் உதவாது, திரையைத்தான் பார்க்க வேண்டும். கிட்டே போகப் போக ஜன்னலும் லென்ஸும் வெவ்வேறு இடத்திலிருந்து பார்ப்பதன் வித்தியாசம் பெருகுகிறது. கோடுகளை நகர்த்தி அதை ஓரளவுதான் ஈடுகட்ட முடியும். தொட்டில் குழந்தையின் விரல்கள், பாட்டியின் கைச்சுருக்கம், இலையில் பரிமாறிய சோறு என்று நம் வாழ்க்கையின் எத்தனையோ காட்சிகள் கை நீளத்துக்குள் நடக்கின்றன. அந்த உலகம் முழுவதும் இந்தக் கேமராவுக்கு வெளியே இருக்கிறது. தெருவின் கேமரா என்று இதைப் புகழ்பவர்கள், வீட்டுக்குள் இது எவ்வளவு கைகட்டி நிற்கிறது என்பதைச் சொல்வதில்லை. தொலைவும் அப்படித்தான். எஸ்.எல்.ஆரில் லென்ஸ் நீள நீளப் பிம்பம் பெரிதாகி ஃபோகஸ் கூர்மையாகிறது. ரேஞ்ச்ஃபைண்டரின் துல்லியம் இரு ஜன்னல்களின் இடைவெளியோடு கட்டுண்டது, லென்ஸ் நீண்டாலும் அது கூடுவதில்லை. லைக்காவின் கோடுகள் 135 மி.மீ.யோடு நிற்பதற்குக் காரணம் இதுதான். அசாஹி பென்டாக்ஸ் 1957-இலும் நிக்கான் எஃப் 1959-இலும் வந்த பிறகு தொழில்முறைக்காரர்கள் கூட்டமாக எஸ்.எல்.ஆருக்கு மாறியதில் வியப்பு இல்லை. குடும்பக் கேமராவின் முடிவு 1977-இல் தொடங்கியது. கோனிகாவின் சி35 என்ற எளிய ரேஞ்ச்ஃபைண்டரின் பெயரையே தாங்கி, பெருமளவில் உற்பத்தியான முதல் ஆட்டோஃபோகஸ் கேமரா அந்த ஆண்டில்தான் வந்தது.

பழைய ஒன்றை இன்று வாங்குகிறவர் இன்னும் சிலவற்றுக்கும் தயாராக வேண்டும். இவற்றில் பல பாதரச பேட்டரியை நம்பிச் செய்யப்பட்டவை. அந்த பேட்டரிகள் நச்சுத்தன்மை கருதிக் கைவிடப்பட்டுவிட்டன, மாற்றுக்கு அடாப்டர் வேண்டும். எலெக்ட்ரோவுக்குள் ஒரு சின்ன ரப்பர் துண்டு காலத்தில் உதிர்ந்து மொத்த மின்சுற்றின் ஒழுங்கையும் கெடுக்கும். பழுதுபார்ப்பவர்கள் அதற்கு ‘பேட் ஆஃப் டெத்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பேட்டரி இல்லையென்றால் எலெக்ட்ரோ 1/500 நொடியில் மட்டுமே இயங்கும். கேனனெட்டின் ஷட்டர் முழுக்க இயந்திரமானது, பேட்டரி இல்லாமலும் ஓடும். எனவே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கேனனெட்டை வாங்குங்கள் என்பேன்.

ஃபிலிமைக் கழித்துப் பார்க்கும் சோதனையை உலகம் ஏற்கெனவே செய்துவிட்டது. எப்சன் 2004-இல் வெளியிட்ட ஆர்-டி1 முதல் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர். 6 மெகாபிக்சல், பின்திரையைத் திருப்பி மூடிவிடலாம், ஷட்டரை ஒவ்வொரு முறையும் நெம்புகோலால் இழுத்து ஏற்ற வேண்டும். லைக்கா 2006-இல் எம்8-ஐக் கொண்டுவந்தது. 2016-இல் எம்-டி என்ற மாடலில் பின்திரையையே எடுத்துவிட்டது. அந்த முடிவைப் பலர் ஆடம்பரக் கிறுக்கு என்றார்கள். பொறியின் தர்க்கப்படி அது சரியான முடிவு என்பேன்: இடத்தைக் காட்டும் ஜன்னலைப் பார்த்து எடுத்துவிட்டு, அடுத்த நொடியே குனிந்து படத்தைச் சோதித்தால் எதிரே இருப்பவரிடமிருந்து கவனம் போய்விடுகிறது. என் ஆட்சேபம் விலையோடுதான். 2022-இல் வந்தபோது எம்11-இன் அமெரிக்க விலை 8,995 டாலராக இருந்தது, லென்ஸ் தனி. குடும்பத்துக்காகச் செய்யப்பட்ட ஒரு பொறி, சிலருடைய கழுத்தில் மட்டும் தொங்கும் நகையாகியிருக்கிறது.

டிஜிட்டலுக்கு வந்ததும் பழைய கணக்குகளும் இறுகிவிட்டன. நான் மேலே சொன்ன 1.9 முதல் 7 மீட்டர் என்ற எல்லை, 0.03 மி.மீ. கலங்கலைக் கண் பொறுத்துக்கொள்ளும் என்ற அனுமானத்தில் பிறந்தது. சிறிய பிரிண்ட்டுக்கு அது போதும். 60 மெகாபிக்சல் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பவருக்குப் போதாது. அனுமானத்தைப் பாதியாக்கினால் எல்லை சுமார் 2.3 முதல் 4.2 மீட்டராகச் சுருங்குகிறது. ஃபிலிமில் கண்ணுக்குப் படாத சிறு பிசகுகள் இங்கே வெளிச்சத்துக்கு வருகின்றன. 2025-இல் லைக்காவே எம் ஈவி1 என்ற பெயரில், ரேஞ்ச்ஃபைண்டருக்குப் பதிலாக மின்திரை ஜன்னல் வைத்த எம் கேமராவை வெளியிட்டது. என்னைப்போல் கண்ணாடி அணிபவர்களுக்கு அது உதவும் என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் உருவம் மட்டும் எம். இடத்துக்குப் பதில் படத்தைக் காட்டும் கேமரா அது. மாறாக, ஃபுஜிஃபில்மின் எக்ஸ்100 வரிசை 2011 முதல் ரேஞ்ச்ஃபைண்டர் பொறி இல்லாமலே கண்ணாடி ஜன்னலைக் காத்துவருகிறது. ஃபோகஸைக் கேமராவிடம் விட்டுவிட்டாலும், இடத்தை நேராகப் பார்க்கும் அனுபவத்தில் பெரும்பகுதி அதில் கிடைக்கிறது.

கல்யாணப் படமோ செய்திப் படமோ எடுக்கிறவர், தவறினால் திரும்ப வராத கணத்துக்குக் கூலி வாங்குகிறவர், ரேஞ்ச்ஃபைண்டரை நம்பிப் போகக்கூடாது. இருட்டில் ஓடும் குழந்தையின் கண்ணை இன்றைய மிரர்லெஸ் கண்டுபிடிப்பதைப்போல் என்னால் பிடிக்க முடியாது. தனக்காக எடுப்பவரின் கணக்கு வேறு. அவருக்குத் தேவை லைக்கா அல்ல, கேனனெட்டின் டிஜிட்டல் வாரிசு. அதைச் செய்யத் தடையாகப் பெரிய தொழில்நுட்பப் புதிர் எதுவும் இல்லை. லென்ஸ் கழலாது என்றால் டஜன்கணக்கான லென்ஸ்களுக்கு ஏற்பப் பொறியைத் துல்லியப்படுத்தும் செலவு மிச்சம். 40 மி.மீ. எஃப் 2 ஒன்றுக்கு மட்டும் என்றால் ஜன்னல்களின் இடைவெளி குறுகலாக இருந்தாலே போதும்; ஒரே ஒரு ஒளிக்கோடு; லென்ஸை அந்த சென்சாருக்கென்றே வடிவமைத்துக்கொள்ளலாம் என்பதால் எம்8 காலத்தில் படத்தின் ஓரங்களில் தெரிந்த சிக்கல்களும் எழாது. திரை இல்லாவிட்டால் இன்னும் மலிவு. அண்மைக் குறை அப்படியேதான் இருக்கும். அதற்குச் சட்டைப்பையில் கைப்பேசி இருக்கிறது.